டிராக்டரின் முகப்பில் புல்வெட்டும் இயந்திரம்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஏரிக்கரையைச் செப்பனிட்டு வைத்தல் நம் முன்னோர் கண்ட முறை. கரையில் மண்டிய புதரை நீக்குதல், எலி வளைகளை அடைத்தல், வரத்துக் கால்வாயைத் தூர்வாருதல் ஆகிய பணிகளை ஊரார் ஒன்று கூடிச் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இன்று ஊரில் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், வலிமை வாய்ந்த இளைஞர் பெரும்பாலோர் விடியற்காலையில் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் புறப்பட்டுச் சென்று விடுகின்றனர். ஆனால் ஏரியும் மழையும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2015 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட திருவள்ளூர் மாவட்ட மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆள் குறைந்த இடத்தில் இயந்திரம் துணை செய்யலாம். ஆனால் எந்த இயந்திரம் என்பதே கேள்வி. சிறிய டிராக்டர் ஒன்றின் முன்புறத்தில், தனக்கெனத் தனி எஞ்சின் கொண்ட புல்வெட்டும் இயந்திரத்தைப் பொருத்திக் கரையின் மேற்பரப்பைச் சீராக்கும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சுரண்டுதல் வேறு, வெட்டுதல் வேறு

நான் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், புதர் மண்டிய ஏரிக்கரையை ஒரே நாளில் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தினார்கள். மாலைக்குள் கரை முழுவதும் செம்மண் தெரியப் பளிச்சென்று ஆகிவிட்டது. பார்த்தவர் அனைவரும் மகிழ்ந்தோம். முதல் மழையிலேயே கரையின் இருபுறமும் முழங்கால் ஆழத்திற்கு ஓடை விழுந்தது. பிறகு மணல் மூட்டை அடுக்குவதற்குச் செலவான தொகை, புதரை நீக்கச் செலவானதைக் காட்டிலும் அதிகம்.

காரணம் எளிது. அருகம்புல்லின் வேர் கரை மண்ணை வலைபோலப் பின்னிப் பிடித்துக் கொண்டிருக்கிறது. மழைத்துளி நேரே மண்ணில் மோதாதபடி அதன் இலை காக்கிறது. மண்வாரியின் அலகு புல்லையும் வேரையும் மேல் மண்ணையும் ஒருங்கே எடுத்துச் சென்று விட்டது. ஆதலின் கரைக்கு வேண்டியது புல்லே இல்லாத நிலை அன்று. குட்டையாக வெட்டப்பட்ட புல்லே.

புல் உயரமாக வளர்ந்திருப்பதும் தீங்கு. இடுப்பளவு புல்லுக்கு அடியில் எலி வளையும், வெடிப்பும், நீர்க் கசிவும் கண்ணுக்குத் தெரியா. கசிவு கலங்கலாக வரத் தொடங்கினால் கரைக்குள் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அதை முதல் நாளே கண்டவன் ஒரு கூடை மண்ணில் காரியத்தை முடிக்கலாம். காணாதவன் ஊரை இழக்க நேரிடும். புல்லைச் சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி நிறுத்தினால் வேரும் நிலைக்கும், கரையும் கண்ணுக்குத் தெரியும்.

முன்புறம் ஏன்?

டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லும் கருவியில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, சக்கரங்கள் முதலில் புல்லின்மேல் ஏறி அதைப் படுக்க வைத்துவிடும். பின்னால் வரும் கத்தி படுத்த புல்லைச் சரியாக வெட்டாது. இரண்டு, ஓட்டுபவர் முன்னே வழியையும் பின்னே கருவியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சரிவாக உள்ள கரையின்மேல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

நம் வயல்களுக்கு அறுவடைக்கு வரும் பெரிய இயந்திரத்தைப் பாருங்கள். அதன் அரிவாள் முன்னேதான் இருக்கிறது. இது புதிய யோசனையும் அன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமர் ஆட்சியிலிருந்த கால் நாட்டில், பல் வைத்த பெட்டி வண்டியைக் கால்நடையின் முன்னே வைத்துத் தள்ளச் செய்து கதிர் கொய்தனர் என்று பிளினி என்னும் ரோம அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். மிதிபடாத பயிரே நன்கு வெட்டுப்படும் என்பதை அவர்களும் கண்டிருந்தனர்.

தனி எஞ்சின் ஏன்?

டிராக்டரிலேயே எஞ்சின் இருக்க, வேறொரு எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். டிராக்டரிலிருந்து கருவிக்கு விசை தரும் தண்டைப் பி.டி.ஓ. என்று நாம் அழைக்கிறோம். (என் பதவிக்கும் அதே பெயர்தான். இருவருக்கும் இடம் பின்புறமே என்று ஒரு விவசாயி ஒருமுறை கூறினார்!) அந்தத் தண்டு நம் நாட்டு டிராக்டர்களில் பொதுவாகப் பின்னால்தான் உள்ளது, நிமிடத்திற்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகம். அந்த விசையை முன்னே கொண்டுவர, டிராக்டரின் அடிவயிற்றின் கீழ் நீண்ட தண்டு ஓட வேண்டும். நெல், கோதுமை அறுக்கும் முன்பொருத்துக் கருவிகளில் இவ்வாறுதான் செய்கிறார்கள். அறுவடைக் கருவிக்கு அது பொருந்தும். ஆனால் கல்லும் வேரும் நிறைந்த கரையில், தரையை ஒட்டி ஓடும் தண்டு அடிபடும், செலவும் மிகுதி.

கருவிக்கே தனி எஞ்சின் இருந்தால் டிராக்டரின் வேலை தள்ளிச் செல்வது மட்டுமே. அதில் மற்றொரு சௌகரியமும் உண்டு. புல் அடர்ந்த இடத்தில் டிராக்டரை மெதுவாக ஊரவிட்டாலும் கத்தியின் வேகம் குறையாது. வேலை முடிந்தபின் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டிராக்டரை உழவுக்கோ குப்பை வண்டி இழுக்கவோ அனுப்பலாம்.

இதற்கு எதிரான வாதமும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு பராமரிப்பு. ஒன்றுக்கு டீசல், மற்றொன்றுக்குப் பெட்ரோல். ஆண்டில் சில நாட்களே வேலையுள்ள ஒரு சிறு பஞ்சாயத்து இதைத் தனியே வாங்குதல் உசிதமன்று. அண்டையிலுள்ள நான்கைந்து பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அளவுகள்

கத்தி வெட்டும் அகலம் டிராக்டரின் வெளிச் சக்கர அகலத்தைவிடச் சிறிதேனும் கூடுதலாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வெட்டாத புல்லைச் சக்கரம் மிதிக்கும். ஆகவே வெளி அகலம் சுமார் 110 சென்டிமீட்டர் உள்ள சிறு டிராக்டரே இதற்கு ஏற்றது. பெரிய டிராக்டர் கரைக்கும் ஆகாது.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு கத்திகளின் மையங்களைப் பக்கவாட்டில் 55 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வெட்டும் அகலம் 115 சென்டிமீட்டர் ஆகும். நடுவில் வெட்டாத கீற்றும் நிற்காது. ஆனால் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் ஒன்றோடொன்று மோதும். ஒன்றை 35 சென்டிமீட்டர் முன்னே தள்ளி வைத்தால் கத்தி நுனிகளுக்கு இடையே சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும்.

எஞ்சின் 12 முதல் 16 குதிரைச் சக்தி உள்ளதாகவும், அதன் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருப்பதாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பெல்ட் முறுக்கமின்றித் தட்டையாக ஓடும். எஞ்சின் நிமிடத்திற்கு 3600 சுற்று சுழலுமாயின், எஞ்சின் புல்லி 10 சென்டிமீட்டர், கத்திப் புல்லி 14½ சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் கத்தி ஏறத்தாழ 2480 சுற்று சுழலும். அந்நிலையில் கத்தி நுனி ஒரு விநாடியில் சுமார் 78 மீட்டர் செல்கிறது. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம்! இந்த எண்ணை ஓட்டுபவரும் பக்கத்தில் நிற்பவரும் மறத்தலாகாது.

பொருத்தும் முறை

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் இரும்பு வேலையில் தேர்ந்த பட்டறைகள் உள்ளன. சானல், ஆங்கிள் இரும்புக்கும் பஞ்சமில்லை. எனவே தாங்குசட்டத்தை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். அதில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

முதலாவதாக, சட்டத்தை முன் அச்சில் கட்டலாகாது. மேடுபள்ளத்திற்கு ஏற்ப இடமும் வலமுமாக ஆடுவதற்கென்றே முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் தொங்குகிறது. ஓரிடத்தில் எளிது என்று கருதி அச்சிலேயே சட்டத்தைக் கட்டினார்கள். முதல் மேட்டில் ஒரு சக்கரம் ஏறியதும் கருவி மறுபுறம் சாய்ந்து மண்ணைக் கிள்ளியது. ஸ்டியரிங் தண்டும் சட்டத்தில் இடித்தது. முன்பாரக் கட்டைகளை மாட்டுவதற்கென டிராக்டரின் முகப்பில் உள்ள உறுதியான வார்ப்பில்தான் சட்டத்தை போல்ட் போட்டு இணைக்க வேண்டும். அதிலிருந்து இருபுறமும் இரு சானல்களைப் பின்னோக்கி ஓட்டி, டிராக்டர் உடலில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பிணைத்தால் தள்ளும் விசை ஒரே இடத்தில் சேராமல் பரவும்.

இரண்டாவதாக, டிராக்டரின் உடலில் புதிய துளை போடுவதோ பற்றவைப்பதோ கூடாது. உடல் பலவீனப்படும், உற்பத்தியாளர் தந்த உத்தரவாதமும் போகும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. கருவி எளிதில் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். ஐயமிருப்பின் மோட்டார் வாகன ஆய்வாளரைக் கலந்துகொள்க. சாலையில் செல்லும்போது கருவியைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே நன்று.

மூன்றாவதாக, கருவியைச் சட்டத்தோடு இறுகப் பிணைக்கலாகாது. கருவி தன் நான்கு சிறு சக்கரங்களின்மேல் தானே நிற்க வேண்டும். டிராக்டர் இரண்டு தள்ளுகரங்களால் அதைத் தள்ள மட்டுமே வேண்டும். கரத்தின் இரு முனைகளும் ஊசியில் ஆடினால்தான் கருவி நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து செல்லும். அக்கரங்கள் கிடைமட்டமாக இருத்தல் அவசியம். டிராக்டர்ப் பக்கம் உயர்ந்தும் கருவிப் பக்கம் தாழ்ந்தும் இருந்தால், தள்ளத் தள்ளக் கருவி மண்ணுக்குள் அழுத்தப்படும். மாட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவர்களுக்கு இந்த உண்மை தோளில் தெரியும்.

நான்காவதாக, கருவியைத் தூக்குவதற்குச் சட்டத்தின்மேல் கைவிஞ்சு ஒன்று வேண்டும். தூக்கிய பின் சங்கிலியால் பூட்ட வேண்டும். விஞ்சின் கம்பியை மட்டும் நம்பிக் கருவியின் கீழ் ஒருவரும் கை நீட்டலாகாது.

பாரக் கணக்கு

எஞ்சினோடு கருவி 150 கிலோ எடை என்றும், தூக்கிய நிலையில் அது முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னே தொங்குகிறது என்றும், இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 160 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். துலாக்கோல் கணக்கின்படி முன் அச்சின்மேல் 225 கிலோ கூடும். பின் அச்சில் 75 கிலோ குறையும். பின் சக்கரம் இலேசானால் பிடிப்புக் குறையும். பல சிறு டிராக்டர்களில் பிரேக்கு பின் சக்கரங்களில் மட்டுமே என்பதையும் நினைவிற் கொள்க.

பின்புறக் கொக்கிகளில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், 120 கிலோ மணல் நிரப்பிய பெட்டியை மாட்டினால் முன் அச்சின் கூடுதல் பாரம் 150 கிலோவாகக் குறையும்; பின் அச்சில் 120 கிலோ கூடும். நமது டிராக்டரின் முன் அச்சு அத்தனை பாரம் தாங்குமா என்பதை அதன் கையேட்டில் பார்த்த பின்னரே பட்டறைக்குப் போக வேண்டும்.

ஆபத்தும் காப்பும்

கத்தியைப் பட்டறையில் அடித்துச் செய்யலாகாது. பழைய லாரிப் பட்டையை வெட்டிப் பற்றவைத்த கத்தி, பார்வைக்குப் பலமாகவே தோன்றும். பற்றவைத்த இடத்தில் அது முறிந்தால் துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். இயந்திரம் செய்தவர் விற்கும் கத்தியையே வாங்குக. அதைப் பிடிக்கும் போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். சாணை பிடித்தபின் கத்தியின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை மேலும் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

கருவியின் முன்னும் பின்னும் இரும்புச் சங்கிலிகளை நெருக்கமாகத் திரைபோலத் தொங்கவிட்டால் தெறிக்கும் கல் தடைபடும். ஆயினும் 50 மீட்டர் சுற்றளவில் மனிதரோ ஆடுமாடோ நிற்கலாகாது.

கருவி எஞ்சினை நிறுத்தும் இரு விசைகள் வேண்டும். ஒன்று ஓட்டுபவரின் கையருகே. மற்றொன்று இருக்கையின் கீழ். அவர் எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சின் தானே நிற்க வேண்டும். இவ்விசைகளின் கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் நிற்காது. ஆதலின் ஒவ்வொரு காலையிலும் வேலை தொடங்குமுன் இரண்டையும் சோதித்துப் பார்க்க. கத்தியைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் கழற்றி விடுக. சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல் தீப்பற்றும். அதை மணிக்கொரு முறை நீக்குக. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது.

கரையில் ஓட்டும் முறை

உறுதியான மேற்பரப்பு குறைந்தது 2½ மீட்டர் அகலமுள்ள கரையில் மட்டுமே டிராக்டர் ஏறலாம். இருபுறமும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஓரம் விட்டு ஓட்டுதல் வேண்டும். கரையின் சரிவில் டிராக்டரை இறக்கவே கூடாது. சரிவில் குறுக்காகச் செல்லும் டிராக்டர் உருள்வதற்கு ஓர் எலி வளை போதும். ஓட்டுபவரைக் காக்கும் வளைவுச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள டிராக்டரையே பயன்படுத்துக. மழை பெய்து ஊறிய கரையில் அன்று வேலை வேண்டாம்.

முதல் நாள் மாலை இருவர் கரை நெடுக நடந்து பார்க்க வேண்டும். கல், கம்பி, பாட்டில், பிளாஸ்டிக் பை ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, வளைகளிலும் மதகுச் சுவர்களிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுக. விரலைவிடப் பருத்த சீமைக்கருவேலத் தண்டைக் கையால் வெட்டி நீக்குக. அது கத்திக்கும் கேடு, அதன் முள் டயருக்கும் கேடு. தரையில் கூடு கட்டிய பறவை இருந்தால் அவ்விடத்தை விட்டுச் செல்க.

மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 1 கிலோமீட்டர் நீளக் கரையை ஒரு முறை வெட்ட 20 நிமிடம் ஆகும். ஆவணியில் ஒரு முறை, புல் விதை விடுமுன்பும், புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை, மழைக்கு முன்பும் வெட்டுதல் நலம்.

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. பின்னதாயின் அத்துறைப் பொறியாளரின் அனுமதி பெற்ற பிறகே டிராக்டரைக் கரையேற்ற வேண்டும்.

புல் யாருக்கு?

இவ்விஷயத்தைப் பற்றி ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்தில் நான் விளக்கியபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து, "ஐயா, மெஷினு வந்து புல்லை அறுத்துட்டா எங்க ஆட்டுக்கு என்ன போடறது? எங்க கூலிக்கு எங்க போறது?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. எனக்கும் உடனே விடை தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரையின் நீளத்தையும் பொறியியல் கணக்கையும் எழுதி வைத்திருந்த என் குறிப்பேட்டில் அவருடைய ஆடுகள் இடம்பெறவில்லை.

பிறகு ஊரார் கலந்து பேசி முடிவு செய்தார்கள். இயந்திரம் மேற்பரப்பை மட்டும் வெட்டும். இருபுறச் சரிவும் ஓரமும் கையால் வெட்டும் பெண்களுக்கே உரியவை. அதற்குக் கூலியும் உண்டு, புல்லும் அவர்களுக்கே. சரிவில் இயந்திரம் போகக் கூடாது என்று முன்னே கூறினேன் அல்லவா? பொறியியல் சொன்னதும் அந்த அம்மையார் கேட்டதும் ஒன்றாகவே முடிந்தன. மேலும், குனிந்து புல்லறுக்கும் அவர்களின் கண்ணுக்குத்தான் கசிவும் வளையும் முதலில் படும். கண்டதைச் சொல்பவருக்குப் பஞ்சாயத்து உடனே செவிசாய்க்க வேண்டும் என்பதையும் அன்று தீர்மானமாக எழுதினார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இயந்திரம் வெட்டிய புல்லில் பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்திருக்கக் கூடும். நன்கு பார்த்த பின்னரே கால்நடைக்கு இடுக. ஆலைக் கழிவுநீர் கலக்கும் கால்வாய் ஓரத்துப் புல்லை அறவே இடலாகாது.

கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரண்டு ஏரிகளை இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் 2020 ஆம் ஆண்டில் நம் வட்டாரத்தில் திறக்கப்பட்டது. பெரிய நீர்த்தேக்கங்களைக் காக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சிறிய ஏரிக்கு அவ்வூரே பொறியாளர். எஞ்சினும் கத்தியும் கடையில் கிடைக்கும். சட்டத்தைப் பட்டறை செய்து தரும். கரையை நடந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் எந்த இயந்திரமும் தர இயலாது. புல்லை வெட்டுவது கரையைப் பார்ப்பதற்காகவே. புரட்டாசியில் வெட்டி முடித்த மறுநாள் காலையில், பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர்களும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கரைமேல் ஒருமுறை நடந்து வருவார்களாக.